ஒரு வருஷத்துல கேப்டன் ஆக்கறோம்னு சொன்னா உடனே கையெழுத்து போட்டுடாதீங்க

தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு அக்கா ஃபோன் பண்ணாங்க. பொண்ணுக்கு 26 வயசு, ஒரு ரீஜனல் ஏர்லைன்ல (சின்ன ஊர்களுக்கு பறக்கற கம்பெனி) எம்ப்ரேயர் ஜெட்ல ஃபர்ஸ்ட் ஆஃபீஸரா, அதாவது கோ-பைலட்டா இருக்கா, சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. இப்ப வேற ஒரு சின்ன கம்பெனி கூப்பிடுது, 19 சீட் பீச்கிராஃப்ட் 1900 ஓட்டறவங்க, ஒரே வருஷத்துல கேப்டன் ஆக்கறோம், ஆனா 3 வருஷ ட்ரெய்னிங் பாண்ட் (நடுவுல விலகினா ட்ரெய்னிங் செலவ திருப்பித் தரணும்கற ஒப்பந்தம்) போடணும்னு. பொண்ணு வேணாங்கறா. பெரியப்பா, மாமா, கோயில் கமிட்டில இருக்கற அங்கிள் வரைக்கும் எல்லாரும் போ போங்கறாங்க, இந்த வாய்ப்ப விட்டா திரும்ப வருமான்னு. பொண்ணோட லைசென்ஸுக்காக வீட்டு மேல வாங்கின கடன் இன்னும் பாதிகூட அடையல, அதனால அக்காவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

கவலைப்படாதீங்கன்னுதான் ஆரம்பிச்சேன், விஷயத்த முழுசா கேட்டதும் நேரா சொல்லிட்டேன். அக்கா, உங்க பொண்ணு சொல்றதுதான் சரி. சொந்தக்காரங்களுக்கு இந்த தொழில் எப்படி ஓடுதுன்னு தெரியல. இதே யோசனைல இன்னும் சில குடும்பங்க இருக்கறதால இங்க விரிவா எழுதறேன்.

ரீஜனல் கம்பெனில ஒருத்தர் சீக்கிரம் கேப்டன் ஆனா அவ்வளவு திறமைசாலின்னு நாம நினைச்சுக்கறோம். திறமை இருக்கலாம், ஆனா சீட் காலியானாதான் ப்ரமோஷன், மேல இருக்கற பெரிய ஏர்லைன் ஆள் எடுத்தாதான் கீழ சீட் காலியாகும். மாமா அமெரிக்கால இருக்கற ஒரு பையன உதாரணம் சொன்னாராம், அவன் ரெண்டு வருஷத்துல கேப்டனாம். இருக்கலாம். கோவிட் அப்ப அங்க நிறைய சீனியர் பைலட்ஸ் முன்கூட்டியே ரிட்டையர் ஆனாங்க, அப்புறம் பெரிய கம்பெனிங்க ரீஜனல் கேப்டன்கள அள்ளிட்டு போச்சு, 2022ல என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ மாதிரி ரீஜனல் கம்பெனிங்க சம்பளத்த ஒரேயடியா ஏத்தினதும் அதனாலதான். அப்பக்கூட அங்க நினைச்ச உடனே கேப்டன் ஆக முடியாது, ஏர்லைன்ல 1000 மணி நேரம் ஓட்டியிருக்கணும்னு சட்டம் இருக்கு. 2024ல பெரிய கம்பெனிங்க ஆள் எடுக்கறத குறைச்சதும் பல பேரு வலது பக்கம் கோ-பைலட் சீட்லயே காத்திருக்க வேண்டியதாச்சு. அந்தப் பையன் நல்ல நேரத்துல உள்ள போனான், அவ்வளவுதான், அத வச்சு டர்பன்ல இருக்கற பொண்ணுக்கு கணக்கு போட முடியாது.

நம்ம ஊர் கணக்கு வேற, அது நம்ம கண்ணு முன்னாடி நடந்தது. 2012 நவம்பர்ல ஒன்டைம் ஏர்லைன மூடினாங்க. 2019 டிசம்பர்ல எஸ்ஏஏ (சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ்) திவாலாகாம காப்பாத்தற பிசினஸ் ரெஸ்க்யூக்கு போச்சு, 2020ல எஸ்ஏ எக்ஸ்பிரஸ் முடிஞ்சுது, 2021 ஜூலைல மேங்கோ பறக்கறத நிறுத்தினாங்க, 2022 ஜூன்ல குலுலா ஓட்டின காமேர் போச்சு. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டின கேப்டன்கள் வேலை தேடி வெளிய வந்தாங்க, அவங்க அதே சீட்டுக்கு போட்டிக்கு வந்ததும் கீழ இருந்த பசங்களோட முறை தள்ளிப்போச்சு. அதனால ஒரு வருஷத்துல கேப்டன்னு எந்த கம்பெனி சொன்னாலும் முதல் கேள்வி, அந்த சீட்ல போன வருஷம் இருந்தவரு எங்க போனாரு, ஏன் போனாரு? இத இன்டர்வியூலயே மரியாதையா கேட்கலாம்.

கேப்டன் ஆனப்புறம் வாழ்க்கை எப்படி இருக்கும்னு பெரியப்பாவுக்கு யாரும் சொல்லல போல. புதுசா ஆன கேப்டன் சீனியாரிட்டி லிஸ்ட்ல கடைசி ஆளு. ஃபர்ஸ்ட் ஆஃபீஸரா நல்ல ரோஸ்டர் பாத்து எடுத்துட்டிருந்தவ மறுபடி ஸ்டாண்ட்பை, வார கடைசி, தைப்பூச காவடி, குட் ஃப்ரைடே மாரியம்மன் திருவிழா எல்லாத்துலயும் டியூட்டி. 19 சீட் விமானத்துல கேபின் க்ரூ கிடையாது, பேசஞ்சருக்கு பெல்ட் போட சொல்றதுலருந்து பேக் எப்படி ஏத்தியிருக்குன்னு குனிஞ்சு பாக்கறது வரைக்கும் பைலட்தான், பல 1900ல ஆட்டோபைலட் கூட இருக்காது. நல்ல விமானம், அத ஓட்டறவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா எம்ப்ரேயர்ல ஜெட் மணி நேரம் ஏறிட்டிருக்கற பொண்ணு அத நிறுத்திட்டு சின்ன டர்போப்ராப்புக்கு (ப்ரொப்பெல்லர் விமானம்) போனா, நாளைக்கு ஃப்ளைசஃபேர் மாதிரி நம்ம ஊர் ஜெட் ஏர்லைன்லயோ வளைகுடா கம்பெனிலயோ எவ்வளவு எடையுள்ள விமானத்துல எத்தனை ஜெட் மணி நேரம்னு கேட்கறப்ப கேப்டன் பட்டம் மட்டும் போதாது. கேப்டன் ஆக்கறதுக்கான கமாண்ட் கோர்ஸ்ல ஃபெயிலாகறவங்களும் உண்டு. பெரிய கம்பெனின்னா பழைய சீட்டுக்கே திரும்பலாம், சின்ன கம்பெனில அந்த சீட் இருக்குமான்னு கேட்டுக்கணும். எந்த செக்லயாவது ஃபெயில் ஆனியான்னு அடுத்த இன்டர்வியூல கேட்பாங்க, மறைக்க முடியாது.

இன்னொண்ணு, இத பயமுறுத்தறதுக்காக சொல்லல. 2009 பிப்ரவரில அமெரிக்கால பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தாங்க. அந்த கேப்டனுக்கு மொத்தம் 3,300 மணி நேரத்துக்கு மேல அனுபவம் இருந்துச்சு, ஆனா அந்த க்யூ400 விமானத்துல சுமார் 110 மணி நேரம்தான். விமானம் தூக்கற சக்திய இழக்கப்போகுதுன்னு ஸ்டால் வார்னிங் வந்தப்ப மூக்க கீழ இறக்கறதுக்கு பதிலா பின்னாடி இழுத்துட்டாரு. அதுக்கப்புறம்தான் அமெரிக்கால ஏர்லைன்ல சேரவே பொதுவா 1500 மணி நேரம் வேணும்னு 2013ல விதி வந்துச்சு. ஒரு பொண்ணு நான் இன்னும் ரெடி இல்லன்னு சொன்னா அத பயம்னு நினைக்கறாங்க, ஆனா அந்த சீட்ல உட்காரப்போறவ அவதான், பின்னாடி 19 பேர் உட்கார்ந்திருப்பாங்க. அவ ரெடியா இல்லையான்னு குடும்பம் ஓட்டு போட்டு முடிவு பண்ணக்கூடாது. இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இப்ப பணம். அந்த பாண்ட் பேப்பர எனக்கு அனுப்ப சொன்னேன். டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்த ஓட்டற தகுதி) செலவுன்னு 2,50,000 ரேண்ட் போட்டிருக்காங்க, 3 வருஷத்துக்குள்ள விலகினா திருப்பித் தரணும். ஆனா எவ்வளவு திருப்பித் தரணும்கறது தெளிவா இல்ல. மாசா மாசம் குறையுமா, இல்ல 35வது மாசம் விலகினாலும் முழுத்தொகையா? கம்பெனியே ஆள்குறைப்பு பண்ணா? மெடிக்கல் தகுதி போயிட்டா? கமாண்ட் கோர்ஸ்ல ஃபெயிலாகி அவங்களே அனுப்பிட்டா? இதுக்கெல்லாம் எழுத்துல பதில் இல்லாத பேப்பர்ல கையெழுத்து போடக்கூடாது, எங்கள நம்புங்கன்னு சொன்னா போதாது, எழுதி தரட்டும். அதவிட மோசம், அப்பா அம்மா யாராவது ஜாமீன் கையெழுத்து போடணும்னு ஒரு வரி இருக்கு. அக்கா, போடவே போடாதீங்க. ஏற்கனவே பொண்ணோட சிபிஎல்லுக்கும் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கும் வீட்ட வச்சாச்சு, ரெண்டாவது தடவை அதே வீட்டு மேல ஆபத்த ஏத்தாதீங்க. நீங்க ரெண்டு பேரும் கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டில (சொத்தும் கடனும் ரெண்டு பேருக்கும் பொதுன்னு) கல்யாணம் ஆனவங்கன்னா பொதுவா ஒருத்தர் ஜாமீன் போடறதுக்கு இன்னொருத்தரோட சம்மதம் எழுத்துல வேணும், அதனால உங்க வீட்டுக்காரர், அண்ணா, தனியா போய் மாமா பேச்ச கேட்டு கையெழுத்து போட்டுட்டு வந்துடாம பாத்துக்குங்க. ஒரு வக்கீல்கிட்ட காட்ட ஆகற செலவு இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

அப்ப என்ன பண்றதுன்னு அக்கா கேட்டாங்க. அதுக்கு பதில் பொண்ணே ஃபோன்ல சொல்லிட்டா, ஆனா வீட்ல யாரும் காதுல வாங்கல. ஏர்லைன்ல சேர்றதுக்கு முன்னாடி அவ டர்பன் நார்த்ல வர்ஜீனியா ஏர்போர்ட்ல கிரேடு 3 (ஆரம்ப நிலை) ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டரா இருந்தா. வீட்ல அத வேலை கிடைக்காம டீச்சரா இருந்த காலம்னு சொல்றாங்க. அவளோ அந்த நாளப்பத்தி பேசினா நிறுத்தவே மாட்டேங்கறா, இப்பக்கூட லீவ் நாள்ல ஜூனியர் பசங்களுக்கு மெட்டியராலஜியும் நேவிகேஷனும் சொல்லிக்கொடுக்கறா, ஒரு காசு வாங்காம.

இந்த இன்ஸ்ட்ரக்டர் வழிய நம்ம ஆளுங்க கண்டுக்கறதே இல்ல, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். வர்ஜீனியால ஒரே ஒரு ரன்வே, கடலோரமா, வடகிழக்கு-தென்மேற்கா. வடகிழக்கு காத்தும் தென்மேற்கு காத்தும் கரையோரமா அடிக்கறதால பெரும்பாலும் ரன்வேக்கு நேராவே வரும், மாணவனுக்கு சுலபமான நாள் மாதிரி தெரியும். ஆனா தென்மேற்கு பஸ்டர்ங்கற திடீர் காத்து வர்ற அன்னிக்கு சில நிமிஷத்துல காத்து அப்படியே எதிர்பக்கம் திரும்பும், வேகம் கூடும், மேகம் தாழ வந்துடும். அப்ப பயிற்சிக்கு ஒதுக்கின ஜெனரல் ஃப்ளையிங் ஏரியால ஸ்டால் பயிற்சி பண்ணிட்டிருக்கற இன்ஸ்ட்ரக்டர் தெற்கு பக்க வானத்த பாத்து போதும் திரும்பலாம்னு சொல்லணும், பெரிய ஏர்போர்ட்டான கிங் ஷாகா பக்கம் போறதா இல்ல வர்ஜீனியாவே எட்டிடுமான்னு முடிவெடுக்கணும், பக்கத்துல இருக்கற பையன் பதறாத மாதிரி சாதாரண குரல்ல பேசிட்டே. பக்கத்துல கேட்க வேற யாரும் கிடையாது, அந்த விமானத்துக்கு அவதான் கமாண்டர், லாக்புக்ல அந்த மணி நேரமும் பைலட் இன் கமாண்டுன்னுதான் ஏறும்.

லேண்டிங் சொல்லிக்கொடுக்கறத பாருங்க. வலது சீட்ல உட்கார்ந்து கை கன்ட்ரோலுக்கு ஒரு அங்குலம் தள்ளி இருக்கும், தொடாது. மாணவன் ஃப்ளேர் பண்ண (தரைய தொடறதுக்கு முன்னாடி மூக்க லேசா தூக்க) லேட் பண்றான், இன்னும் ஒரு நொடி விட்டா அவனே திருத்திக்குவான், ரெண்டு நொடி விட்டா முன்சக்கரம் உடையும். எப்ப ஐ ஹேவ் கன்ட்ரோல்னு சொல்லணும், எப்ப வாய மூடிட்டு இருக்கணும்கறத தினமும் பழகறா. சீக்கிரமே வாங்கிட்டா பையன் கத்துக்க மாட்டான், நம்பிக்கையும் போயிடும். நாளைக்கு கேப்டன் ஆனா பக்கத்துல புது ஃபர்ஸ்ட் ஆஃபீஸர் லேண்ட் பண்றப்பவும் இதே வேலைதான். இத முன்னாடியே பழகின ஒருத்தி இடது பக்கம் கேப்டன் சீட்டுக்கு போறதுக்கும், நேத்து வரைக்கும் யார் தப்பையும் திருத்தாத ஒருத்தர் போறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

அதனால நான் சொன்னது இது. ஏர்லைன் வேலைய விடாத. இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் லாப்ஸ் ஆகாம ரினியூ பண்ணு, கம்பெனி சம்மதிச்சா லீவ் நாள்ல கொஞ்சம் இன்ஸ்ட்ரக்ஷன் பண்ணி கிரேடு 2க்கு போ. ஃப்ளைட் டியூட்டி லிமிட்ல அந்த மணி நேரமும் சேரும், அதனால கம்பெனிக்கு தெரியாம ஒரு மணி நேரம்கூட பண்ணாத. கம்பெனிக்குள்ளயே ட்ரெய்னிங் டிபார்ட்மென்ட்ல கிரவுண்ட் ஸ்கூல் எடுக்கறேன், சிமுலேட்டர் இன்ஸ்ட்ரக்டர் வேலை வந்தா என்ன நினைச்சுக்குங்கன்னு இப்பவே சொல்லி வை. சின்ன வயசு ஃபர்ஸ்ட் ஆஃபீஸர்ஸ் பெரும்பாலும் இத கேட்கறதே இல்ல, எல்லாரும் கேப்டனோட நாலு தங்கப்பட்டைய மட்டும் பாக்கறாங்க. பாடம் நடத்தறவங்கள ட்ரெய்னிங் கேப்டன்களுக்கு பேர் சொல்லி தெரியும், ஏர்லைனோட மேனுவல அவங்க மத்தவங்களவிட நல்லா படிச்சிருப்பாங்க, கமாண்ட் கோர்ஸ் வர்றப்ப அது ரொம்ப உதவும்.

இன்னொரு காரணமும் இருக்கு, இத அக்காகிட்ட தனியா சொன்னேன். அண்ணாவுக்கும் தாத்தாவுக்கும் சுகர். நம்ம டர்பன் குடும்பங்கள்ல இது எவ்வளவு சாதாரணம்னு உங்களுக்கே தெரியும். பைலட்டோட கிளாஸ் 1 மெடிக்கல் வருஷா வருஷம் பாஸ் ஆகணும், இன்சுலின் அளவுக்கு போயிட்டா அந்த லைசென்ஸ் பெரிய கேள்விக்குறி. கேப்டன் பட்டம் மட்டும் வச்சிருக்கறவங்க அன்னிக்கு வீட்ல உட்கார வேண்டியதுதான். பாடம் நடத்த, சிமுலேட்டர்ல சொல்லிக்கொடுக்க தெரிஞ்சவங்களுக்கு தரைல ஒரு வேலை கிடைக்க வாய்ப்பு இருக்கு. மெடிக்கல் போயி லைசென்ஸ் இழந்தா பணம் தர்ற லாஸ் ஆஃப் லைசென்ஸ் இன்ஷூரன்ஸ் இருக்கான்னு கேட்டேன், பொண்ணுக்கே தெரியல. இந்த மாசமே ஹெச்ஆர்ல கேட்டு, கம்பெனி கொடுக்கலன்னா சொந்தமா எடுக்கணும்.

கேப்டனே ஆக வேணாம்னு நான் சொல்லல. ஏடிபிஎல்லுக்கு (ஏர்லைன் கேப்டனுக்கு வேண்டிய லைசென்ஸ்) 1500 மணி நேரம் வேணும், அவகிட்ட அதுக்கு மேல இருக்கு, எக்ஸாம்ல பாக்கி இருக்கற பேப்பர்கள முடிச்சு லைசென்ஸ கைல வாங்கி வச்சுக்கட்டும், அதுக்கு செலவு பண்ணுங்க, அது அவ எங்க போனாலும் கூட வரும். இப்ப இருக்கற கம்பெனில அவ முறை வந்து, அவளே ரெடின்னு சொல்றப்ப போகட்டும், அது 2 வருஷமா 5 வருஷமாங்கறத மார்க்கெட்டுதான் சொல்லும். சர்வதேச விதிப்படி ஏர்லைன்ல 65 வயசு வரைக்கும் ஓட்டலாம், அவளுக்கு 26.

ஒரே ஒரு நிலைமைல என் பதில் மாறும். இப்ப இருக்கற கம்பெனி சம்பளம் லேட் பண்ண ஆரம்பிச்சாலோ, விமானங்கள திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சாலோ எனக்கு உடனே சொல்லணும், அப்ப இந்த 1900 ஆஃபர திரும்ப எடுத்துப் பாக்கலாம், ஜாமீன் வரிய வெட்டிட்டு, தொகை மாசா மாசம் குறையற மாதிரி எழுதி வாங்கிட்டு.

பெரியப்பாகிட்ட யார் பேசறதுன்னு அக்கா கேட்டாங்க. பொண்ணு பேச வேணாம், அவ டியூட்டி பாத்துட்டு வர்ற களைப்புல சண்டை போட வேணாம். அண்ணாவே பேசட்டும். அந்த 2,50,000க்கு நீங்க ஜாமீன் போடறீங்களான்னு ஒரு தடவை கேட்டா போதும். அந்த கம்பெனிக்கு பொண்ணு வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், நன்றி, இப்ப முடியாது, பின்னாடி வாய்ப்பு இருந்தா தொடர்பு கொள்ளுங்கன்னு ரெண்டு வரில மெயில் எழுத சொல்லியிருக்கேன், காரணம் எதுவும் விளக்க வேணாம்.