ஃப்ரோசன் ஷோல்டர் எக்ஸர்சைஸ்லயே சரியாகிடுமா? வலிச்சாலும் பல்லக் கடிச்சுட்டு பண்ணணுமா?

டாக்டர் இல்லீங்க நான், இடது தோள்ல இந்த மூட்டு இறுகிப் போற பிரச்சினை வந்து படுத்தி எடுத்துட்டுப் போன ஆளு, அந்த அனுபவத்துல சொல்றேன். நீங்க ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கவே முடியல, வலி கூடிட்டே போகுது, ஆனா வீட்ல எல்லாரும் வலிச்சாலும் இழுத்து இழுத்து பண்ணாதான் லூசாகும்னு சொல்றாங்கன்னு எழுதிருக்கீங்க. இப்போ இருக்கற நிலைமையில அத மட்டும் பண்ணாதீங்க.

மொதல்ல இது ஃப்ரோசன் ஷோல்டர் தானான்னு உறுதி பண்ணிக்கங்க, ஏன்னா நம்ம ஊர்ல தோள் வலின்னாலே அந்தப் பேர் வெச்சுடறாங்க. தசைநார் பெருசா கிழிஞ்சிருந்தா நம்மளால கைய தூக்கறது கஷ்டம், ஆனா அடுத்தவங்க புடிச்சு தூக்கினா பெரும்பாலும் மேல போகும். ஃப்ரோசன்ல யார் தூக்கினாலும் போகாது, ஒரு அளவுக்கு மேல பூட்டு போட்ட மாதிரி நின்னுடும். அதுலயும் முழங்கைய இடுப்போட ஒட்டி வெச்சுகிட்டு முன்கைய மட்டும் வெளிப்பக்கமா திருப்பறது இருக்கே, அதுதான் மொதல்ல முடியாம போறது. என் டாக்டர் அத மட்டும் ரெண்டு கையிலயும் பாத்துட்டே சொல்லிட்டாரு. எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, வேற எதுவும் இல்லைன்னு பாக்கத்தான் எடுக்கறாங்க. கீழ விழுந்து அடிபட்டு கை தூக்க முடியலன்னாலோ, காய்ச்சலோட தோள் வீங்கினாலோ இந்தப் பதில படிச்சுட்டு இருக்காம உடனே போய் காட்டுங்க.

உள்ள நடக்கறது என்னன்னா, தோள் மூட்ட சுத்தி ஒரு சவ்வுப் பை இருக்கு, அது அழற்சியாகி தடிச்சு சுருங்கிடுது. சாதாரணமா இது மூணு கட்டமா போகும். மொதல்ல வலி கூடிக்கிட்டே போயி கை இறுகற கட்டம், அப்புறம் வலி கொறஞ்சு இறுக்கம் மட்டும் நிக்கற கட்டம், கடைசியா மெதுவா விட்டுக் குடுக்கற கட்டம். மொத்தமா 1 வருஷத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் கூட ஆகலாம், சிலருக்கு கொஞ்சம் இறுக்கம் அப்படியே தங்கிடும். நீங்க மொதல் கட்டத்துல இருக்கீங்க, அதுல முரட்டுத்தனமா இழுத்தா ஏற்கனவே எரிஞ்சுட்டு இருக்கற சவ்வு இன்னும் எரியும், வேற ஒண்ணும் நடக்காது.

அந்தக் கட்டம் எப்படி இருக்கும்னு வராதவங்களுக்கு சொன்னா புரியாது. சமையல் மேடைல இருந்து கரண்டி நழுவுச்சு, பழக்க தோஷத்துல சட்டுனு புடிக்க இடது கைய நீட்டிட்டேன் அவ்ளோதான், கண்ணுல தண்ணி வந்து அடுப்ப கூட அணைக்காம அப்படியே தரையில உக்காந்துட்டேன், வீட்டுக்காரர் ஓடி வந்து கரண்டி கால்ல விழுந்துடுச்சான்னு கேக்கறாரு. ஒரு நிமிஷம் பேச்சே வரல. அப்புறம் தானா அடங்கிடும், எதுவுமே நடக்காத மாதிரி. இந்த வலியில இருக்கறவங்கள புடிச்சு எண்ணெய் போட்டு உருவி கைய முறுக்கறேன்னு ஒருத்தர் கிளம்பினா சும்மா விடலாமா? எங்க நாத்தனார் அப்படி ஒரு இடத்துக்குப் போயிட்டு ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாங்க.

என் பிசியோதெரபிஸ்ட் குடுத்த கணக்கு ரொம்ப சிம்பிள். பண்ணும்போது இழுக்கற மாதிரி இருக்கலாம், கொஞ்ச நேரத்துல அடங்கிடணும், அன்னிக்கு ராத்திரி வலி கூடுச்சுன்னா மறுநாள் கொறைச்சுக்கணும். வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டு ஆரம்பிப்பேன். குனிஞ்சு நல்ல கைய டேபிள்ல ஊனிகிட்டு மத்த கைய தொங்கவிட்டு மெதுவா ஆட்டறது, மல்லாந்து படுத்து ஒரு குச்சிய ரெண்டு கையிலயும் புடிச்சு நல்ல கையால மத்த கைய வெளிப்பக்கம் தள்றது, செவுத்துல விரலால நடக்கறது. செவுத்துல எட்டின எடத்துல பென்சில் கோடு போட்டு வெச்சேன், வாரக்கணக்குல கோடு மேல கோடாவே விழும், திடீர்னு ஒரு விரல்கட அளவு ஏறும். இழுத்து நீட்டறது எல்லாம் வலி அடங்கின ரெண்டாவது கட்டத்துலதான் சொல்லிக் குடுத்தாங்க. ஜிம் வெயிட்டெல்லாம் அதுக்கும் அப்புறம்.

மூட்டுக்குள்ள போடற ஸ்டீராய்டு ஊசிக்கு நம்மாளுங்க ரொம்ப பயப்படறாங்க. வலி உச்சத்துல இருக்கும்போது, அதாவது ஆரம்பத்துலதான் அதுக்கு பலன் அதிகம், எனக்கு தூக்கம் திரும்ப வந்ததே அதுக்கப்புறம்தான். ஆனா சுகர் இருந்தா ஊசிக்கு அப்புறம் கொஞ்ச நாள் சுகர் எகிறும், முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லிட்டு வீட்ல செக் பண்ணிட்டே இருங்க. சுகர் இருக்கறவங்களுக்குதான் இது அதிகமாவும் வருது, பிடிவாதமாவும் இருக்கு, தைராய்டுக்கும் சம்பந்தம் உண்டு. 40ல இருந்து 60 வயசுக்குள்ள காரணமே இல்லாம தோள் இறுகுச்சுன்னா எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டற ரத்த டெஸ்ட்), தைராய்டு ரெண்டையும் பாத்துடுங்க, நீங்க உங்க சுகர பத்தி எதுவுமே எழுதல.

ஆபரேஷன் பண்ணிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்னு யாராச்சும் சொன்னா அவசரப்பட வேணாம். பிரிட்டன்ல 503 பேர வெச்சு பண்ணின ஆய்வு 2020ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. ஊசியோட சேர்ந்த பிசியோ, மயக்கம் குடுத்து கைய அசைச்சு விடறது, கேமரா விட்டு சவ்வ அறுத்து விடறது, இந்த மூணுல எதுவும் 1 வருஷம் கழிச்சு மத்ததவிட பெருசா ஒசத்தின்னு வரல. மாசக்கணக்கா ஒழுங்கா பிசியோ பண்ணியும் துளி கூட நகரலன்னா அப்போ ஆர்த்தோ டாக்டர்ட்ட பேசிக்கலாம்.

அதுவரைக்கும் நாள ஓட்டணும்ல. டிரெஸ் போடும்போது வலிக்கற கைய மொதல்ல உள்ள விடுங்க, கழட்டும்போது நல்ல கைய மொதல்ல எடுங்க. பெண்கள்னா உள்ளாடைய முன்பக்கம் ஊக்கு மாட்டிட்டு பின்னாடி திருப்பிக்கலாம். பஸ்ல மேல் கம்பிய புடிக்காதீங்க, பிரேக் போட்டா செத்தோம், சீட்டு முதுகுல இருக்கற கம்பிய புடிங்க. படுக்கும்போது நல்ல பக்கமா படுத்து வலிக்கற கைக்கு நெஞ்சோட ஒட்டி ஒரு தலகாணி குடுங்க, கை முன்னாடி சரியாம இருந்தாலே பாதி ராத்திரி தூங்கிடலாம்.