ஆடை படிந்த பாலில் வண்ணம் ஓடாது

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காக, தட்டில் பால் ஊற்றி, வண்ணச் சொட்டுகள் விட்டு, நடுவில் பாத்திரம் கழுவும் லிக்விட் தொட்ட குச்சியை வைக்கும் சோதனையைச் செய்தோம். வீடியோவில் வண்ணமெல்லாம் சிதறி ஓடுகிறது. எங்கள் தட்டில் கேசரி பவுடர் விட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. தட்டைக் கழுவிக் கழுவி மூன்று முறை செய்தாயிற்று. காலையில் காய்ச்சி ஆற வைத்த நல்ல பால்தான். பால் வீணாகிறதே என்று மாமியார் வேறு வருத்தப்படுகிறார். எங்கே தவறு? வண்ணம் ஏன் ஓடுகிறது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா. ‘காலையில் காய்ச்சி ஆற வைத்த பால்.’ நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் யாரும் வைப்பதில்லை. காய்ச்சிய பால் ஆறும்போது புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடையாகப் படிகிறது. கெட்டி ஆடையை எடுத்துவிட்டாலும், பால் சூடாக இருந்தால் மெல்லிசாக இன்னொன்று வந்து மூடிக்கொள்ளும். நீங்கள் செய்யும் சோதனையோ முழுக்க முழுக்கப் பாலின் மேற்பரப்பில் நடப்பது. அந்த இடத்தை ஆடை பிடித்துக்கொண்டால் சோப்பு என்ன செய்யும்?

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், ஆசிரியர் அறையில் டீக்குக் காய்ச்சி வைத்திருந்த பாலை ஒரு தாம்பாளத்தில் ஊற்றி, ஆறாம் வகுப்பில் இதே சோதனையைக் காட்டினேன். எதுவும் அசையவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, ஆடையை விரல் நுனியால் ஓரமாகத் தள்ளினாள். கிழிந்த அந்த நாலணா அகல இடத்தில் மட்டும் சிவப்பு விறுக்கென்று விலகி, ஆடையின் ஓரத்தில் போய் நின்றது. அன்று அந்தப் பெண்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினாள்.

சரி, வண்ணம் ஏன் ஓடுகிறது? துவைத்த புடவையை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து மடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இழுப்பு இருக்கும்வரை புடவை நடுவில் விறைப்பாக நிற்கும். ஒருத்தி பிடியைத் தளர்த்தினால் புடவை மற்றவள் பக்கம் ஓடும். பாலின் மேற்பரப்பும் எல்லாப் பக்கமும் அப்படி இழுபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். அதை அளக்கும் அலகில் தண்ணீருக்கு 72 என்றால் பாலுக்கு 45 முதல் 50 வரை. லிக்விட் கலந்த தண்ணீருக்கு 30-க்குப் பக்கத்தில்தான் வரும். நடுவில் குச்சி பட்டதும் அங்கே பிடி தளர்கிறது. சுற்றியுள்ள பால் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சோப்பு வண்ணத்தைத் தள்ளுகிறது என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். விளிம்புப் பால் இழுக்கிறது என்று உங்கள் மகள் சொல்லட்டும், அதுதான் சரி.

அப்படியானால் தண்ணீரிலேயே செய்யலாமே என்று கேட்பார்கள். தண்ணீரில் சாயம் குச்சி வருவதற்குள்ளேயே பரவிக் கலந்துவிடும். பால் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியானது, அதனால் தண்ணீரில் கரைத்த சாயம் அதன் மேல் கொஞ்ச நேரம் நிற்கும். அதோடு, பாலில் உள்ள கொழுப்புத் துளிகளும் புரதமும் சோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதால், சோப்பு ஒரே நொடியில் பரப்பு முழுவதையும் பிடித்துவிடாது. வண்ணம் விளிம்பில் மடங்கி, அடியில் போய், மறுபடி மேலே வந்து சுருள்வதெல்லாம் இதனால்தான். கொழுப்பு கூடினால் ஆட்டமும் நீளும். ஆவினில் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம் கொழுப்பு. ஆரஞ்சு வாங்குங்கள்.

இரண்டாவது, மூன்றாவது முறை வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தட்டை அதே லிக்விட் போட்டுத்தானே கழுவியிருப்பீர்கள்? துளி ஒட்டியிருந்தாலும் போதும், பால் ஊற்றியவுடனே அது மேலே பரவிவிடும். குச்சி வைக்கும்போது எல்லாப் பக்கமும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

பூஜை அறையில் கற்பூரம் இருக்குமே, இதைச் செய்து பாருங்கள். சுத்தமான தண்ணீரில் கடுகளவு கற்பூரத் துணுக்கைப் போட்டால் அது தானாகவே சுற்றிச் சுற்றி ஓடும். எண்ணெய்க் கையால் தண்ணீரைத் தொட்டால் நின்றுவிடும். இதை நிறுத்த எவ்வளவு எண்ணெய் போதும் என்று 1890-ல் இங்கிலாந்தில் ராலே பிரபு என்ற இயற்பியல் அறிஞர் அளந்தார். அதே காலத்தில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண், வீட்டு வேலையும் பெற்றோருக்குப் பணிவிடையுமாக இருந்துகொண்டே, தகரத் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி அதன் மேற்பரப்பை அளந்துகொண்டிருந்தார். சிறு வட்டு ஒன்றைத் தண்ணீரின் மேல் வைத்து, அதைப் பிய்த்தெடுக்க எவ்வளவு எடை வேண்டும் என்று தராசில் பார்ப்பார். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பாடநூல்களைத் தம்பி கொடுத்தார். 1891 ஜனவரியில் ஆக்னஸ் ராலேவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை மார்ச்சில் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வரச் செய்தார் ராலே. மேற்பரப்பில் அழுக்கு கொஞ்சம் இருந்தாலும் இழுவிசை எப்படி மாறிவிடுகிறது என்பதுதான் அதில் உள்ள முக்கியமான விஷயம். உங்கள் தட்டில் நடந்ததும் அதுதான் என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். கண்காட்சி அட்டையில் உங்கள் மகள் ஆக்னஸின் பெயரை எழுதினால் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

இனி செய்முறை. பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சாமலே ஊற்றுங்கள், குடிக்கப் போவதில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த பாலாக இருக்கட்டும். மாமியாரிடம் அரை டம்ளர் போதும் என்று சொல்லுங்கள். 100 மில்லி பால் ஒரு டிபன் தட்டில் நன்றாகப் பரவும். தட்டை லிக்விட் போகும்வரை ஐந்தாறு முறை வெறும் தண்ணீரில் அலசுங்கள். கேசரி பவுடரை அப்படியே தூவாமல் சில சொட்டுத் தண்ணீரில் கரைத்து விடுங்கள். குச்சியால் கலக்கக் கூடாது, தொட்டு அப்படியே பிடித்திருக்க வேண்டும். முடிந்ததும் பாலைக் கொட்டிவிடுங்கள். பூனைக்குக்கூட வைக்காதீர்கள், லிக்விட் கலந்தது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கண்காட்சிக்கு இரண்டு தட்டு கொண்டுபோகட்டும். ஒன்றில் காய்ச்சாத பால், இன்னொன்றில் ஆடை படிந்த பால். முதலில் ஓடாததைக் காட்டி, ஏன் என்று பார்ப்பவர்களைக் கேட்கட்டும். யாராவது ஒரு பிள்ளை ஆடையை விரலால் தள்ளிப் பார்த்தால் தடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.