பக்கத்து அறைக்கு வாட்ஸ்அப் அனுப்பிய அம்மாவுக்கு

கேள்வி: அக்கா, எனக்கு ஒரே மகன், நான்காம் படிவம் படிக்கிறான். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. இரவு ஒரு மணி, ஒன்றரை வரை கைப்பேசியும் கையுமாகக் கிடக்கிறான். காலையில் 5.45-க்கு அவனை எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. சரியான சோம்பேறி. வகுப்பில் தூங்குகிறான் என்று ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். போன செவ்வாய்கூட இரவு 1.10-க்கு "இன்னும் தூங்கலையா?" என்று என் அறையிலிருந்து வாட்ஸ்அப் அனுப்பினேன், உடனே கட்டைவிரல் ஸ்டிக்கர் வந்தது. கைப்பேசியைப் பிடுங்கி வைக்கலாம் என்றால், அலாரம் அதில்தான் இருக்கிறது என்கிறான். அவன் அப்பா எதையும் கண்டுகொள்வதில்லை. சனிக்கிழமை ஆனால் இருவரும் பின்னிரவு வரை திறந்திருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் டிவியில் பந்தாட்டம் பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு வருவார்கள். திரையின் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா? தூக்கம் வர மெலடோனின் மாத்திரை கொடுக்கலாமா? இது கைப்பேசி போதையா? உங்கள் பதிலை அவனிடம் படிக்கக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். (ஒரு தாய், செந்தூல்)

பதில்: தங்கச்சி, கண்ணாடி, மாத்திரை எல்லாம் அப்புறம். செவ்வாய் இரவு 1.10, அங்கேயே நான் நின்றுவிட்டேன்.

உங்கள் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும்? செந்தூல் அடுக்குமாடியில் பத்து அடி இருந்தால் அதிகம். எழுந்து போய்க் கதவைத் தட்டி, "தம்பி, போதும், படு" என்று சொல்ல முடியாமல், உங்கள் கைப்பேசியை எடுத்து அவன் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அவன் எதைக் கீழே வைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதே சாமானில் இன்னொரு செய்தி! அந்த நேரம் அவனுக்கு வந்த பத்துச் செய்திகளோடு அம்மாவுடையது பதினொன்றாவது, அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் போட்டதைப் போலவே உங்களுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டான். நடுராத்திரி ஒரு மணிக்கு நீங்கள் கைப்பேசியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் உங்கள் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

இதே கதை எனக்கு வாராவாரம் வருகிறது. ஊர் மட்டும் மாறும், கிள்ளான், பத்துமலை, பட்டர்வொர்த். எல்லாரும் பிள்ளையின் கைப்பேசியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். வீட்டில் இரவு எத்தனை மணிக்கு முடிகிறது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

முதலில் அந்தச் சோம்பேறி என்ற வார்த்தையை விடுங்கள். 1976-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய ஆசிரியர் வில்லியம் டிமெண்டும் பிள்ளைகளுக்குக் கோடைகாலத் தூக்க முகாம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதே பிள்ளைகளைக் கோடைதோறும் வரவழைத்து, இரவு முழுக்கப் படுக்கவிட்டு, தூக்கத்தை அளந்தார்கள். வளர வளரத் தூக்கம் குறைந்துகொண்டே போகும் என்றுதான் எதிர்பார்த்தது. குறையவில்லை. பத்து வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் தூங்கினார்கள். இன்னொன்று, பருவ வயதை எட்டியவர்கள் அவ்வளவு தூங்கியும் பகலில் முன்பைவிட அசந்தார்கள். பிற்பாடு கார்ஸ்கடனும் மற்றவர்களும் கண்டது, அந்த வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்தங்கிப் போகிறது, இருட்டியதும் மூளை சுரக்கிற மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று உங்கள் மகன் சொன்னால் அது பொய் இல்லை. ஒன்றரை வரை வரவில்லை என்றால் அது முழு உண்மையும் இல்லை.

இதில் நம் ஊர்க் கணக்கு வேறு. 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒத்துப் போக வேண்டும் என்று. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உதிக்கவே ஏழு, ஏழேகால் ஆகிவிடுகிறது. உங்கள் மகன் 5.45-க்கு எழும்போது வெளியே கும்மிருட்டு. கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப்பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று வரும் என்று காத்திருந்தால் அவன் ஐந்தாம் படிவத்தின் எஸ்பிஎம் தேர்வை முடித்து, வேலைக்கும் போய்விடுவான். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அவன் தூங்குவது நாலரை மணி நேரம். பிறகு வகுப்பில் தூங்காமல் என்ன செய்வான்?

கண்ணாடிக்கு வருகிறேன். பெரியவர்கள் சிலரை ஐந்து இரவுகள் தொடர்ந்து, படுக்கப் போகும் முன் நான்கு மணி நேரம் டேப்லெட்டில், முழு வெளிச்சத்தில் படிக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. மெலடோனின் நன்றாகவே குறைந்தது, சரி. ஆனால் காகிதப் புத்தகம் படித்த இரவுகளோடு ஒப்பிட்டால் தூக்கம் தள்ளிப் போனது சுமார் பத்து நிமிடம். உங்கள் வீட்டில் தள்ளிப் போவது மூன்று மணி நேரம். மீதியை எந்தக் கண்ணாடி தடுக்கும்? ஒளியைவிட, அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதுதான் பிள்ளையைப் பிடித்து வைக்கிறது. கூட்டாளிகள் விழித்திருக்கிறார்கள், அம்மாவும் விழித்திருக்கிறார்.

போதை என்ற பேச்சையும் நான் எடுக்க மாட்டேன். அமெரிக்காவில் 50 ஆயிரம் பிள்ளைகளின் விவரங்களை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர் போட்ட கணக்கில், ஒரு நாளில் திரை பார்க்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தூக்கம் மூன்று முதல் எட்டு நிமிடம்தான் குறைகிறது. கைப்பேசி பூதம் அல்ல. ஆனால் அது படுக்கைக்கு வந்தால் வேறு கதை. 20 ஆய்வுகளை, ஒரு லட்சத்து 25 ஆயிரம் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து 2016-ல் பார்த்தபோது, படுக்கும் நேரத்தில் அதைப் பயன்படுத்திய பிள்ளைகள் மட்டுமல்ல, தொடாமல் பக்கத்தில் வைத்திருந்த பிள்ளைகளும் சரியாகத் தூங்கவில்லை என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தாலே ஒரு காது அங்கேதான் இருக்கும் போல.

அலாரம் என்கிறானா? பசார் மாலாம் இரவுச் சந்தையில் இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்) மணி அடிக்கிற கடிகாரம் கிடைக்கும். வாங்கி அவன் கட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் வையுங்கள். அந்தச் சாக்கு அத்தோடு தீர்ந்தது.

நான் பிறந்தது பால்மரத் தோட்டத்தில். இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் முழுக்க ஒரே நொடியில் இருட்டாகும், பக்கத்து வீட்டு வானொலி பாதிப் பாட்டில் நின்றுபோகும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டுமே. என் அப்பா எங்களை ஒரு நாளும் தூங்கு என்று அதட்டியதில்லை, அவரும் படுத்துவிடுவார், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் ஜெனரேட்டரை யார் நிறுத்துவது? அது பெற்றவர்கள் வேலை, தங்கச்சி. பதினாறு வயதுப் பிள்ளையின் வேலை இல்லை. தோளுக்கு மேல் வளர்ந்தவனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் பதின்ம வயதினர் 385 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பெற்றோர் நேரம் குறித்துக் கொடுத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பள்ளி நாள் இரவுகளில் இருபது நிமிடம் போலக் கூடுதலாகத் தூங்கினார்கள், பகலில் தெளிவாகவும் இருந்தார்கள். இருபது நிமிடம்தானா என்பீர்கள். அவனைக் காலையில் எழுப்புகிற உங்களுக்கு அந்த இருபது நிமிடத்தின் மதிப்பு தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். இரவு பத்தேகாலுக்கு மூன்று கைப்பேசிகளும் ஹாலில், சாமி மேடைக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். மூன்றும். உங்களுடையது முதலில் போக வேண்டும், அவன் பார்க்கும்படி. பத்தே முக்காலுக்கு விளக்கு அணைய வேண்டும். முதல் வாரம் புரண்டுகொண்டுதான் கிடப்பான், கிடக்கட்டும். உடனே ஒன்பது மணிக்குப் படு என்று குதிக்காதீர்கள், அவன் உடம்பு கேட்காது. பள்ளி விட்டு வந்து நாலு மணிக்குள் அரை மணி நேரம் தூங்கினால் விடுங்கள், அதையும் சோம்பேறித்தனம் என்று சொல்லி எழுப்ப வேண்டாம். மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், மருத்துவர் சொல்லாமல் வேண்டவே வேண்டாம். பலமாகக் குறட்டை விடுகிறான், மனம் சோர்ந்து கிடக்கிறான், சாப்பாடு இறங்கவில்லை என்றால் மட்டும் தள்ளிப் போடாமல் அழைத்துப் போங்கள்.

அந்தச் சனிக்கிழமை பந்து. அப்பாவும் மகனும் சேர்ந்து உட்காருவது அந்த ஒரு இடத்தில்தான் என்றால் அதை நான் கெடுக்க மாட்டேன். ஆனால் இரண்டு மணிக்குப் படுத்து ஞாயிறு மதியம் எழுந்தால், ஞாயிறு இரவு அவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? திங்கள் காலை அவனோடு மல்லுக்கட்டுவது நீங்கள்தான், மாமாக் கடைக்கு அழைத்துப் போனவர் இல்லை. இரவு பத்து மணி ஆட்டத்தைப் பார்க்கட்டும், பின்னிரவு ஆட்டம் வேண்டாம், ஞாயிறு எட்டரைக்கு எழுந்துவிட வேண்டும். இதை அவன் அப்பாதான் சொல்ல வேண்டும். கண்டுகொள்வதில்லை என்று எனக்கு எழுதியதை அவரிடம் நேரில் எத்தனை முறை சொன்னீர்கள்? அவருக்கும் வாட்ஸ்அப்தானா?

இந்தப் பதிலை மகனிடம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு வேண்டாம். முதலில் உங்கள் கணவருக்குக் கொடுங்கள், இந்தச் சனிக்கிழமைக்கு முன்னால், கைப்பேசியில் அனுப்பாமல், எதிரே உட்கார்ந்து.