அம்மா வீட்டுக்குப் போகும்போது மட்டும் வரும் தலைவலி

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய கார் என்னுடையது. பெரிய டர்போ, ரீமேப் (பவருக்காக இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் போட்ட மூன்று இன்ச் டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை போகும் குழாய்), காயில்ஓவர் சஸ்பென்ஷன், டிக்கிக்கு மாற்றிய பேட்டரி என்று எல்லாம் செய்தாயிற்று. அடுத்த மாதம் மனைவி, நாலு வயது மகனோடு நாலு நாளில் 2,000 கிலோமீட்டர் போகத் திட்டம். வழியில் என் அம்மா வீட்டில் ஒரு இரவு. மனைவி வர மறுக்கிறாள். என் அம்மா வீட்டுக்குக் கிளம்பினால் மட்டும் பின் சீட்டில் அவளுக்குத் தலைவலி வந்துவிடும், குமட்டுகிறது என்பாள். போய் இறங்கி ராத்திரி படுத்து எழுந்தால் காலையில் கலகலவென்று இருப்பாள். அவள் அம்மா வீட்டுக்கு ரயிலில் போகும்போது ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை. போய் இறங்கியதும் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிக்கூடப் பார்த்தேன், 98 காட்டியது. பையன் சமத்து, ஏறியதும் தூங்கினால் இறங்கும்வரை எழுந்திருக்க மாட்டான். எனக்கும் கடைசி ஒரு மணி நேரம் கண் சொக்கும், முகம் கழுவினால் சரியாகிவிடும். இவ்வளவு நீண்ட பயணத்துக்குக் காரை எப்படித் தயார் செய்வது? மனைவியை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, "காருக்கு இவ்வளவு செலவு செய்கிறார், எங்களோடு பேச நேரமில்லை" என்று மனைவிமார் எழுதும் கடிதமும், "என் ஆசையை அவள் மதிப்பதில்லை" என்று கணவன்மார் எழுதும் கடிதமும் எனக்கு வருடக்கணக்காக வந்துகொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலும் அவை காரைப் பற்றியவையே இல்லை. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டோடு சேர்த்து வைக்கப் போனேன். அப்போதுதான் ஒரு சொல்லில் கண் நின்றது. ரயிலில்.

அவர் அம்மா வீட்டுக்கு ரயிலில் போகும்போது தலைவலி வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போகப் பிடிக்காததால் அவர் சாக்குச் சொல்கிறார் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். தலைவலி உங்கள் அம்மாவைப் பார்த்து வருகிறதா, உங்கள் காரில் ஏறினால் வருகிறதா என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? ஒரு தடவை உங்கள் அம்மா வீட்டுக்கே ரயிலில் போய்ப் பார்த்தீர்களா? டர்போ உள்ளே தள்ளுகிற காற்றழுத்தம், அந்த பூஸ்ட், கொஞ்சம் குறைந்தால் பானட்டைத் திறந்து ஒவ்வொரு ஹோஸாகத் தடவிப் பார்க்கிறவர் நீங்கள். மனைவிக்குத் தலை வலிக்கிறது என்றால் மட்டும் குணத்தில் கோளாறு தேடுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை.

நான் சந்தேகப்படுவது கார்பன் மோனாக்சைடு, இன்ஜின் புகையில் இருக்கிற விஷ வாயு. நேரில் பார்க்காமல் இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது. இறுகிய சஸ்பென்ஷன் போடுகிற குலுக்கலும், ஒரே வேகத்தில் போகும்போது சைலன்சர் எழுப்புகிற அந்த விடாத ரீங்காரமும்கூடத் தலைவலி கொடுக்கும். ஆனால் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த வாயுவின் பக்கம்தான் கை காட்டுகிறது. தலைவலி, குமட்டல், பின் சீட்டில் அதிகம், இறங்கி ஒரு இரவு கழிந்தால் காணோம். ரத்தத்தில் ஏறிய அந்த வாயு, நல்ல காற்றைச் சுவாசித்தால் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். ராத்திரி படுத்து எழுந்தால் தெளிந்துவிடும். நீங்கள் நடிப்பு என்று நினைத்த அந்தக் காலைச் சிரிப்புக்கு இது போதுமான காரணம்.

ஆக்ஸிமீட்டர் 98 காட்டியது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு, ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி 98 என்று காட்டும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தாலும் மணிக்கணக்கில் சேர்ந்துவிடும். ஊருக்குள் இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எட்டு மணி நேரப் பயணத்தில்தான் தெரியும். வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கூட வருகிற புகை நெடியும் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிப்போகும்.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். நாலு வயதுப் பிள்ளை தெரியுமா உங்களுக்கு? அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கேட்கும், ஜன்னலில் மாடு தெரிந்தால் கத்தும், சீட்டை உதைக்கும், இன்னும் எவ்வளவு தூரம் என்று பிராணனை வாங்கும். அந்தக் கார் போடுகிற சத்தத்திலும் குலுக்கலிலும், இறங்கும்வரை எழாமல் தூங்குகிறான் என்றால் அதைச் சமத்து என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகள் தங்கள் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுப்பவர்கள், இந்த வாயு அவர்களைச் சீக்கிரம் பிடிக்கும். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றபோது என்றாவது அவனை எழுப்பிப் பார்த்தீர்களா? தூக்கிய கை தொப்பென்று விழுந்ததா, கண்ணைக் கசக்கிக்கொண்டு சிணுங்கினானா? உங்கள் மனைவியைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் கண் சொக்குகிறது என்கிறீர்களே, அது வெறும் களைப்பு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அந்தக் கண்ணோடுதான் இரண்டு உயிரைப் பின்னால் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறீர்கள்.

எப்படி உள்ளே வருகிறது என்பதற்கு உங்கள் பட்டியலே பதில். இந்த வாயுவைப் பிடித்துக் கேடில்லாததாக மாற்றுவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் வேலைகளில் ஒன்று. அதைக் கழற்றிவிட்டீர்கள். பவருக்காகப் போட்ட மேப், பூஸ்ட் ஏறும்போது தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றும். இருக்கிற காற்றுக்கு எரியக்கூடியதைவிடப் பெட்ரோல் மிஞ்சினால் எரிதல் பாதியில் நின்று இந்த வாயுதான் பெருகும். அப்போது வெளியேறும் புகையில் அது நூற்றுக்குச் சில பங்கு இருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு என்றாலே 10,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 10,000 பங்கு. தொழிலிடங்களில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்து வைத்திருப்பது 1,200 பிபிஎம். எனவே பெரிய ஓட்டை வேண்டியதே இல்லை. வெல்டிங்கில் தலைமுடி அளவு விரிசல், கிளாம்ப் தளர்ந்த ஒரு ஜாயின்ட், தாழ்த்திய வண்டி எதிலோ உரசியதில் நெளிந்த ஒரு ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கிற தட்டு) போதும்.

அப்புறம் அந்த டிக்கி பேட்டரி. அங்கிருந்து முன்னால் இன்ஜினுக்குத் தடித்த கேபிள் போகிறது அல்லவா, அதற்காக டிக்கித் தரையிலோ முன் தகட்டிலோ துளை போட்டார்களா? அந்தத் துளைக்கு ரப்பர் வளையம் மாட்டினார்களா, சும்மா விட்டுவிட்டார்களா? பூஸ்ட் மீட்டருக்கு ஒயர் இழுத்த இடம்? நீங்கள் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை, ஆனால் நான் முதலில் தேடுகிற இடம் அதுதான். ஓடுகிற வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து புகை அங்கேயே சுழலும், டிக்கி ரப்பர் தேய்ந்திருந்தால் உள்ளே வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள், சில வண்டிகளில் அது உள்ளே இழுப்பதை இன்னும் கூட்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று முதல் அந்தக் காரில் மனைவியும் குழந்தையும் ஏறக் கூடாது, பக்கத்துத் தெருவுக்குக்கூட. நம்பிக்கையான ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றுங்கள். குளிர்ந்த இன்ஜினை வெளியிடத்தில் ஸ்டார்ட் செய்து, தடித்த துணியை மடித்துப் பின் குழாய் வாயில் ஒரு சில நொடி அழுத்திப் பிடித்தால், ஓட்டை இருக்கிற இடத்தில் புஸ் என்று சத்தம் கேட்கும். கேட்காவிட்டாலும் டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்டாகப் பாருங்கள், புகை கசிகிற இடத்தில் மை தீட்டினாற்போல் கறுப்புக் கோடு ஓடியிருக்கும். புகை விட்டுச் சோதிக்கிற கருவி இருந்தால் இன்னும் நல்லது. இதெல்லாம் முடிந்து, எண்ணைத் திரையில் காட்டுகிற கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் சாதாரண அலாரம் போதாது. 70 பிபிஎம் இருந்தாலும் ஒரு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் வரை அது சும்மா இருக்கலாம், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். குறைந்த அளவிலிருந்தே எண் காட்டும் சிறிய மீட்டர்கள் இருக்கின்றன, சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் வைத்துக்கொள்கிற வகை. அதைப் பின் சீட்டில், பையன் தலை இருக்கும் உயரத்தில் கட்டி, நீங்களும் இன்னொரு பெரிய ஆளும் மட்டும் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். எண் ஏறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி இறங்கிவிடுங்கள்.

கன்வெர்ட்டரைத் திரும்பப் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புகை தாராளமாகப் போகும் வகை கிடைக்கிறது, உங்கள் பவரில் இழப்பது கொஞ்சம்தான். பல நாடுகளில் சாலையில் ஓடும் வண்டியிலிருந்து அதைக் கழற்றுவதே சட்டவிரோதம். ஓட்டை அடைத்துவிட்டேன், இனி அது எதற்கு என்று கேட்பீர்கள். வெல்டிங் மறுபடி விரியும். அன்றைக்குக் காருக்குள் யார் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பயணத்துக்குக் காரைத் தயார் செய்வது பற்றிக் கேட்டதால் சுருக்கமாக. உங்கள் மேப் எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதப்பட்டதோ அது வழி முழுக்கக் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காத இடத்தில் சுமாரான பெட்ரோலைப் போட்டு அதே பூஸ்டில் போனால் பெட்ரோல் நேரம் தவறி வெடித்து, அதாவது இன்ஜின் நாக் ஆகி, பிஸ்டன் உடையலாம். குறைந்த ஆக்டேனுக்கு ஒரு மேப் கையோடு இருக்கட்டும். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு பாருங்கள். எடை குறைக்க ஸ்டெப்னியைக் கழற்றியிருந்தால் திரும்ப வையுங்கள், பெரிய பிரேக் போட்டிருந்தால் அதற்கு மேல் உட்காருகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் மன்றாட வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மனைவி இப்போது கருவுற்றிருக்கிறாரா? அல்லது அப்படி இருந்தபோது இந்தக் காரில் நெடுந்தூரம் போனாரா? இந்த வாயு தாயிடமிருந்து கருவுக்குப் போகும், கருவின் ரத்தம் இதை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆம் என்றால் இன்றே டாக்டரிடம் போய் நடந்ததை முழுக்கச் சொல்லுங்கள். இனி எப்போதாவது எந்த வண்டியிலாவது பயணத்தின்போது தலைவலியும் மயக்கமும் வந்தால், எல்லோரும் உடனே இறங்கி நல்ல காற்றுக்கு வாருங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கார்பன் மோனாக்சைடு என்று வாய்விட்டுச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆக்ஸிமீட்டர் எண்ணைக் கேட்டு யாராவது திருப்பி அனுப்பினால் திரும்பாதீர்கள்.

சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். சம்மதிக்க வைக்க வேண்டாம். அவர் சொன்னது சரி, வர மாட்டேன் என்றதால்தான் இன்னும் ஒரு 2,000 கிலோமீட்டர் அந்தப் பின் சீட்டில் உட்காராமல் தப்பினார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவருக்கு, பின்னால் இருப்பவர் முடியவில்லை என்று சொன்னால் முதலில் நம்புவதுதான் கடமை. காரணத்தை அப்புறம் கண்டுபிடிக்கலாம். கட்டிய மனைவி வலிக்கிறது என்று சொல்லும்போது அவர் வாயை அடைக்க ஆக்ஸிமீட்டர் தேடுகிற கணவனை நான் நல்ல கணவன் என்று சொல்ல மாட்டேன், காரை எவ்வளவு அருமையாகக் கட்டியிருந்தாலும் சரி.

அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்க மூவரும் ரயிலில் போங்கள். போவதற்கு முன்னால் அம்மாவுக்கு போன் செய்யுங்கள். "அவளுக்கு நம் வீடு பிடிக்கவில்லை" என்று இத்தனை நாளில் நீங்கள் அம்மாவிடம் சொல்லியிருப்பீர்கள், அல்லது அம்மா சொன்னபோது மறுக்காமல் இருந்திருப்பீர்கள். கோளாறு இவளிடம் இருந்ததாக நினைத்தது என் தப்பு, என் வண்டியில் ஏதோ இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது, அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். பையன் ரயிலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான், எத்தனை தடவை ஜன்னலுக்கு ஓடுகிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மீட்டர் காட்டிய எண்ணையும் கூடவே எழுதுங்கள்.