கன்ட்ரி பாட்டைக் கடைசிச் சரணம் வரை கேளுங்கள்

தம்பி, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்கு வேலைக்கு வந்த இடத்தில் ஆபீஸ், ஊபர், பார் என்று எங்கே போனாலும் கன்ட்ரி பாட்டுதான் (அமெரிக்கக் கிராமப்புறத்தில் வளர்ந்த இசை), எல்லாம் குடியும் காதல் தோல்வியுமாக ஒரே மாதிரி கேட்கிறது, பழைய பாட்டுகளை எங்கிருந்து தொடங்கினால் பிடிபடும் என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரே மாதிரி கேட்பதற்குக் காரணம், நீங்கள் மெட்டைக் கேட்கிறீர்கள். சினிமாப் பாட்டில் வளர்ந்த காது இடையிசைக்குக் காத்திருக்கும். இங்கே மெட்டு பெரும்பாலும் மூன்று கார்டில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) முடிந்துவிடும். சரக்கு முழுக்கச் சொல்லில் இருக்கிறது. இன்னொன்று, நம் பாட்டில் பல்லவி முதலில் வரும். இவர்களுக்குப் பெரும்பாலும் சரணம் முதலில், பல்லவி பிறகு. பல்லவியின் சொற்கள் மாறாது, ஆனால் ஒவ்வொரு சரணம் கழிந்து வரும்போதும் அதன் பொருள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பாதியில் அணைத்தால் முடிச்சு அவிழாமலே போய்விடும்.

இதற்கு ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-இல் பாடிய 'ஹி ஸ்டாப்ட் லவ்விங் ஹெர் டுடே'யை விடச் சிறந்த பாடம் கிடையாது. எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மன். பிரிந்து போனவளைச் சாகும்வரை காதலிப்பேன் என்கிறான் ஒருவன். சுவரில் அவள் படம். 1962-ஆம் வருடக் கடிதங்களில் காதல் என்று வரும் இடமெல்லாம் சிவப்புக் கோடு. பிறகு நண்பன் வந்து பார்க்கிறான்: இவன் கண்ணில் நீர் இல்லை, நன்றாக உடுத்தியிருக்கிறான், பல வருடம் கழித்து முகத்தில் சிரிப்பு. சரி, மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று நாம் நினைக்கும்போது பல்லவி வருகிறது: இன்றோடு காதலிப்பதை நிறுத்திவிட்டான், வாசலில் மலர்வளையம் வைத்திருக்கிறார்கள். செத்துப்போய்விட்டான். தலைப்பிலேயே உண்மையைச் சொல்லிவிட்டு நம்மை ஏமாற்றுகிற பாட்டு. இவ்வளவு சோகத்தை யார் வாங்குவார்கள் என்று ஜோன்ஸே நினைத்தாராம். கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருது 1980, 1981 இரண்டு வருடமும் இதற்கே போனது.

அடுத்த குழப்பம், பாட்டில் வரும் 'நான்' யார் என்பது. லொரெட்டா லின்னின் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (1970) அவருடைய சொந்தக் கதையேதான்: கென்டக்கி மலைக்குடிசை, வான் லியர் நிலக்கரிச் சுரங்கத்தில் அப்பாவுக்கு வேலை. ஜானி கேஷின் 'ஃபால்சம் பிரிசன் ப்ளூஸ்' (1955) நேர் எதிர். கேஷ் சிறைத்தண்டனை எதுவும் அனுபவித்தவரில்லை. ஜெர்மனியில் விமானப்படையில் இருந்தபோது கலிபோர்னியாவின் ஃபால்சம் சிறையைப் பற்றிய படம் பார்த்துவிட்டு எழுதினார். மெட்டிலும் வரிகளிலும் கணிசமான பங்கு இசையமைப்பாளர் கார்டன் ஜென்கின்ஸின் பழைய பாட்டிலிருந்து எடுத்தது. பின்னால் அதற்குப் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. 13-1-1968 அன்று அதே சிறையில் பாடிய பதிவில், ரெனோ நகரில் ஒருவனைச் சுட்டதாக வரும் வரிக்குக் கைதிகள் ஆரவாரம் செய்வது கேட்கும். அது ஸ்டூடியோவில் பிறகு ஒட்டிய சத்தம்.

மெர்ல் ஹாகர்டு இரண்டுக்கும் நடுவில். 'மாமா ட்ரைட்'டில் (1968) 21 வயது சிறையில் நிறைந்ததாகப் பாடுகிறார். அது உண்மை, கலிபோர்னியாவின் சான் க்வென்டின் சிறையில். ஆயுள் தண்டனை என்பது மட்டும் கற்பனை. 1960-இலேயே வெளியே வந்துவிட்டார். அவருடைய 'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி' (1969) விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. வியட்நாம் போர்க்காலத்து ஹிப்பிகளுக்கு எதிரான பாட்டு. சிலர் நெஞ்சில் கைவைத்துப் பாடுவார்கள், சிலர் கேலியாக. ஹாகர்டே காலத்துக்கொரு விளக்கம் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவர் எந்தக் கட்சி என்று தெரியும்வரை சிரித்து வைக்காதீர்கள்.

கல்யாண வீடுகளில் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' போடுவார்கள். அது பிரிவுப் பாட்டு. தன்னை டிவி நிகழ்ச்சியில் ஏற்றிவிட்ட போர்ட்டர் வாகனரின் குழுவை விட்டுத் தனியே போக டாலி பார்ட்டன் எழுதிய விடைபெறல், 1974-இல் வந்தது. எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டபோது அவருடைய மேனேஜர் பாட்டின் வெளியீட்டு உரிமையில் பாதி கேட்க, பார்ட்டன் மறுத்துவிட்டார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமெல்லாம் ஓடியபோது அந்த மறுப்பு என்ன விலை பெறும் என்று தெரிந்தது.

டென்னசியில் குடியிருப்பவர் தப்பிக்க முடியாத பாட்டு 'ராக்கி டாப்'. 1967-இல் கேட்லின்பர்க்கில் பூட்லோ, ஃபெலிஸ் பிரையன்ட் தம்பதி எழுதியது. 1982 முதல் மாநிலப் பாடல்களில் ஒன்று. நாக்ஸ்வில்லில் ஒரு லட்சம் பேர் கொள்ளும் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் மைதானமே சேர்ந்து கத்தும். வரிகளைக் கவனித்தால் விஷயம் வேறு. பாறை நிலம், சோளம் விளையாது, அதனால் எங்களுக்குச் சோளம் ஜாடியில் வருகிறது என்பார்கள். ஜாடியில் இருப்பது சோளத்தில் காய்ச்சிய கள்ளச்சாராயம். அதைக் காய்ச்சும் இடத்தைத் தேடி இரண்டு அந்நியர் மலையேறினார்கள், இறங்கவில்லை, இனியும் இறங்க மாட்டார்கள் என்று குஷியாக ஒரு சரணம் வரும். கொலைதான், குழந்தைகளும் பாடுகிறார்கள்.

ஆபீசுக்கு ஒன்று: டான் ஷ்லிட்ஸ் எழுதி 1978-இல் கென்னி ரோஜர்ஸ் பாடிய 'தி கேம்ப்ளர்'. எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது, எப்போது எழுந்து ஓடுவது என்று கிழட்டுச் சூதாடி ரயிலில் கொடுக்கும் யோசனையை மீட்டிங்கில் பாதி வரியாகச் சொல்வார்கள். 'ஃபோல்ட்' (சீட்டைக் கீழே போடுவது) என்று யாராவது சொன்னால் அந்த புராஜெக்டைக் கைவிடலாம் என்று அர்த்தம். தூக்கத்தில் சாவதுதான் நல்ல சாவு என்ற அந்தச் சூதாடி கடைசிச் சரணத்தில் அப்படியே போய்ச் சேருகிறான்.

கேட்கும் முறை: ஒரு வாரத்துக்கு ஒரே பாட்டு, முதல் தடவை வரிகளைப் பார்க்காமல், இரண்டாம் தடவை பார்த்து, பிறகு எழுதியவர் பெயரைத் தேடி. பாடகர் பெயரோடு நின்றுவிட்டால் கதை கிடைக்காது. 'கிரேசி'யைப் பாட்ஸி க்ளைன் பாடினார், எழுதியது வில்லி நெல்சன்.

நேரில் கேட்க, நாஷ்வில்லின் கிரீன் ஹில்ஸ் பகுதியில் உள்ள புளூபேர்ட் கஃபே. சுமார் 90 இருக்கைதான், முன்பதிவு திறந்ததும் தீர்ந்துவிடும். மூன்று நான்கு பாட்டெழுதுபவர்கள் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, எந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்லிப் பாடுவார்கள். பேசினால் அதட்டு விழும். நாஷ்வில்லின் பிராட்வே தெரு பார்களில் பகலில் பெரும்பாலும் நுழைவுக்கட்டணம் இல்லை, பாடுபவர்களுக்கு டிப்ஸ்தான் வருமானம். விருப்பப் பாட்டு கேட்டால் ஜாடியில் 20 டாலராவது போடுங்கள். கார்த் புரூக்ஸின் 'ஃப்ரண்ட்ஸ் இன் லோ ப்ளேசஸ்' (1990) வந்தால் கூட்டமே பாடும். ஆல்பத்தில் இல்லாத ஒரு சரணத்தையும் சேர்த்துப் பாடினால் திகைக்க வேண்டாம், அது மேடையில் சேர்த்துக்கொண்டது. கடைசியில் ஒரு கெட்ட வார்த்தை வரும். பக்கத்தில் மேனேஜர் இருந்தால் அங்கே மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.