ஓடும் முன் ஒரு கட்டம் பின்னால்: சாகச கேம் நாயகர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சாகச வீடியோ கேம்களில் உங்களுக்குப் பிடித்த நாயகன் அல்லது நாயகி யார், அவரோடு ஆடும்போது எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம். புதிர்களுக்கான விடைகளும் இதில் வருகின்றன. தானே கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிச் செல்லவும்.

கேள்வி: 1996-இல் வந்த முதல் டூம் ரைடரை இப்போது ரீமாஸ்டரில் (மெருகேற்றிய மறுவெளியீட்டில்) ஆடுகிறேன். லாரா கிராஃப்டை ரொம்பப் பிடிக்கிறது. ஆனால் பாதித் தாவல்களில் பள்ளத்தில் விழுந்துவிடுகிறாள். கோளாறு என் கையிலா, கேமிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. கண்ணளவை நம்பித் தாவுகிறீர்கள், அந்த கேமில் கண்ணளவு உதவாது. அதை உருவாக்கிய கோர் டிசைன் குழுவினர் அந்த உலகம் முழுவதையும் ஒரே அளவுள்ள சதுரக் கட்டங்களாக அடுக்கினார்கள். லாராவின் தாவல்களையும் அதே கட்டத்துக்கு அளந்து வைத்தார்கள். நின்ற இடத்திலிருந்து தாவினால் 1 கட்டப் பள்ளத்தைத் தாண்டுவாள். ஓடித் தாவினால் 2 கட்டம். ஓடித் தாவி, காற்றில் இருக்கும்போதே ஆக்‌ஷன் பட்டனை அழுத்திப் பிடித்தால், 3 கட்டம் தள்ளியிருக்கும் விளிம்பைப் பற்றித் தொங்குவாள். அதற்கு மேல் எட்டாது. பள்ளம் 4 கட்டமாகத் தெரிந்தால் வேறு வழி இருக்கிறது என்று பொருள், தேடுங்கள். தரையிலும் சுவரிலும் உள்ள கல்வரிசை பெரும்பாலும் கட்டத்தோடு ஒத்துப்போகும். தாவும் முன் அதை எண்ணிவிடுங்கள்.

அடுத்தது ஓட்டத்துக்கான தூரம். நடை பட்டனை அழுத்தியபடியே விளிம்பு வரை போங்கள். அந்தப் பட்டனில் விரல் இருக்கும்வரை லாரா விழமாட்டாள், விளிம்பில் நின்றுவிடுவாள். பட்டனை விட்டுவிட்டுப் பின்னோக்கி ஒரே ஒரு முறை தட்டினால், ஒரு கட்டம் பின்னால் துள்ளுவாள். ஓடித் தாவ அந்த ஒரு கட்டம் போதும். இப்போது முன்னோக்கி அழுத்துங்கள். அவள் முதல் அடி எடுத்ததுமே தாவல் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், விளிம்பு வந்ததும் தானே எழும்புவாள். விளிம்புக்கு வந்தபின் அழுத்தலாம் என்று காத்திருந்தால் விழுவது உறுதி. ஏனென்றால் பட்டனை அழுத்துவதற்கும் அவள் கால் தரையை விட்டு எழுவதற்கும் இடையே சிறிது நேரம் பிடிக்கும். சாய்வாக நின்று தாவினாலும் தூரம் கூடி விழுவாள், விளிம்புக்கு நேராக நிறுத்துங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் பழைய டேங்க் கன்ட்ரோலுக்குத்தான் (இடம் வலம் அழுத்தினால் திரும்புவாள், முன் அழுத்தினால் தான் பார்க்கும் பக்கம் போவாள்) பொருந்தும். 2024 ரீமாஸ்டரில், அழுத்தும் திசையிலேயே ஓடும் மாடர்ன் கன்ட்ரோலும் உண்டு. சும்மா நடந்து திரிய அது சுகம், ஆனால் தாவல்களுக்குப் பழையதே மேல் என்பது எங்கள் முடிவு. இன்னொன்று: விளிம்பில் தொங்கியிருக்கும்போது நடை பட்டனையும் சேர்த்துப் பிடித்து மேலே ஏற்றுங்கள். கைகளை ஊன்றித் தலைகீழாக நின்று, அழகாக மறுபக்கம் இறங்குவாள். அதனால் ஆட்டத்தில் ஒரு பயனும் கிடையாது. ஆனால் லாரா எப்படிப்பட்டவள் என்பதை எந்த வசனத்தையும் விட அந்த அசைவு நன்றாகச் சொல்கிறது.

கேள்வி: வீடியோ கேமின் முதல் பெண் நாயகி லாராதானே?

பதில்: இல்லை. 1986-இல் வந்த மெட்ராய்டின் நாயகி சாமஸ். ஆட்டம் முழுக்கக் கவசத்துக்குள்ளேயே இருப்பாள். வேகமாக முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் கவசம் கழன்று, உள்ளே இருப்பது பெண் என்று தெரியும். சாகச கேம் என்று குறுக்கிப் பார்த்தாலும், 1988-இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் உருவாக்கிய நான்காம் கிங்ஸ் குவெஸ்டில் இளவரசி ரோசெல்லா வந்துவிட்டாள். தந்தையின் உயிரைக் காக்கும் கனியைத் தேடி அவள் ஒரு பகலும் ஓர் இரவும் அலைகிறாள்.

கேள்வி: ஐந்தாம் கிங்ஸ் குவெஸ்டில் மன்னர் கிரகாமோடு பனிமலை வரை வந்துவிட்டேன். பனிமனிதன் கொன்றுகொண்டே இருக்கிறான். என்ன செய்தாலும் தப்ப முடியவில்லை.

பதில்: கஸ்டர்டு பை (pie) என்ற பண்டத்தைக் கிரகாம் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டாரா, பாருங்கள். ஆம் என்றால் நீங்கள் சேமித்து வைத்த அந்த ஆட்டநிலை (சேவ்) இனி உதவாது. அந்தப் பண்டத்தைப் பனிமனிதன் முகத்தில் எறிந்தால்தான் தப்பலாம். மலையில் கிரகாமுக்குப் பசிக்கும், அப்போது தர வேண்டியது ஆட்டுக்கால் இறைச்சி. பாதியைத்தான் சாப்பிடுவார், மீதிப் பாதியை அங்கே பசியோடிருக்கும் கழுகுக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பேக்கரி அருகே பூனை ஒன்று எலியைத் துரத்தும். அந்தக் கணமே பழைய செருப்பையோ குச்சியையோ பூனை மேல் எறியாவிட்டால், பிற்பாடு விடுதியின் நிலவறையில் கட்டிப் போடப்படும்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க எலி வராது. இரண்டு இடத்திலும் கேம் உங்களை எச்சரிப்பதே இல்லை. மணிக்கணக்கில் ஆடியபின்தான் சங்கதி தெரியவரும். ஆகவே கிங்ஸ் குவெஸ்டை வெளியிட்ட சியரா நிறுவனத்தின் பழைய கேம்களில் ஒரே சேவின் மேல் திரும்பத் திரும்பச் சேமிக்காதீர்கள். புதிய பகுதிக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் தனி சேவ் வையுங்கள், பெயரில் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிரகாம் அன்பான மனிதர். அவரை இப்படிச் சாகடித்த வடிவமைப்பை நாங்கள் மன்னிக்கத் தயாரில்லை.

கேள்வி: மங்கி ஐலண்டின் கைபிரஷ் த்ரீப்வுட் ஏன் இவ்வளவு பேருக்குப் பிடித்தவன்? சண்டையே தெரியாதவன். வாள்சண்டையில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: தோற்பதுதான் வழி. அந்த ஆட்டத்தில் வாளை விட வாய்தான் பெரிது. எதிராளி ஒரு வசை சொல்வான், அதற்குப் பொருத்தமான பதிலடி தெரிந்தால் நீங்கள் முன்னேறுவீர்கள், தெரியாவிட்டால் பின்வாங்குவீர்கள். தெரியாத வசை வந்தால் கவலைப்படாமல் அடி வாங்குங்கள். அந்த வசை இனி உங்கள் பட்டியலில் இருக்கும். அடுத்து வரும் கொள்ளையனிடம் அதையே சொல்லுங்கள். அவனுக்குப் பதிலடி தெரிந்திருந்தால் உங்கள் மேல் எறிவான், அதுவும் உங்களுடையதாகிவிடும். வசைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு வாள்வித்தகி கார்லாவிடம் போகிறவர்கள்தான் தோற்கிறார்கள். அவளோடு மோதும்போது வசை பாடுவது அவள் மட்டுமே, அவள் சொல்வதெல்லாம் நீங்கள் கேட்டிராதவை. ஆனால் நீங்கள் கற்ற பழைய பதிலடிகளே அவற்றுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறார்கள். மனப்பாடம் போதாது, பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இவன் பிடித்துப்போவதற்கான காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. வலிமையில் அவன் வளர்வதே இல்லை. கேட்டுக் கற்றுக்கொள்கிறான், நாமும் அவனோடு கற்கிறோம். தன்னால் 10 நிமிடம் மூச்சடக்க முடியும் என்று அவன் பெருமையடித்துக்கொள்வதும் வெறும் பேச்சில்லை. கனமான சிலையோடு கட்டி அவனைக் கடலுக்கடியில் தள்ளும் காட்சியில் உண்மையிலேயே 10 நிமிடம் சும்மா இருந்தால் இறந்துவிடுவான். சுற்றிலும் கத்திகள் கைக்கெட்டாத தூரத்தில் கிடக்கும், அவற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிலையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வெளியேறினால் போதும். கைபிரஷின் பெயர்க்கதையும் சுவையானது. ஓவியர் ஸ்டீவ் பர்செல் அவன் உருவத்தை வரைந்த மென்பொருளில் கோப்பு 'பிரஷ்' என்ற வகையில் சேமிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் 'கை' (guy, அதாவது ஆள்) என்று பொதுவாக அழைக்கப்பட்டவன் அப்படித்தான் கைபிரஷ் ஆனான்.

கேள்வி: புரோக்கன் ஸ்வோர்டில் ஜார்ஜ் ஸ்டோபார்ட்டை ஒரு வெள்ளாடு முட்டித் தள்ளுகிறது. பையில் உள்ள எல்லாப் பொருளையும் அதனிடம் காட்டிப் பார்த்துவிட்டேன்.

பதில்: பையை மூடிவிடுங்கள், பொருள் எதுவும் வேண்டாம். அகழ்வுக்குழியை நோக்கி நடந்து, ஒரு முறை முட்டு வாங்குங்கள். ஜார்ஜ் எழுந்திருக்கும் அந்தச் சில நொடிகளிலேயே அங்கே நிற்கும் பழைய உழவு எந்திரத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். ஆடு அவனைத் துரத்தி வந்து, அதன் கயிறு எந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். தாமதமானால் ஆடு தன் இடத்துக்குத் திரும்பிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1996 முதல் இந்த ஆட்டிடம் தோற்றவர்கள் ஏராளம். காரணம், அதுவரை அந்த கேம் நிதானமாக யோசிக்கவே நம்மைப் பழக்கியிருந்தது. எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஜார்ஜ் பொறுமையாக நிற்பான். திடீரென வேகம் கேட்கும்போது அது நமக்குத் தோன்றுவதில்லை. ஆனாலும் இதை நியாயமற்ற புதிர் என்று சொல்லமாட்டோம். ஆடு, கயிறு, எந்திரம் மூன்றும் கண்முன்னே இருக்கின்றன.

நியாயமற்றது என்றால் 1999-இல் வந்த மூன்றாம் கேப்ரியல் நைட்டின் மீசைப் புதிரைத்தான் சொல்ல வேண்டும். நண்பன் மோஸ்லியின் பெயரில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க, ஒரு கதவு ஓட்டையில் பசைநாடா ஒட்டி, பூனையை அதன் வழியே துரத்தி, நாடாவில் ஒட்டிய முடியை மேப்பிள் பாகால் மீசையாக்க வேண்டும். மோஸ்லிக்கோ மீசையே கிடையாது. அதனால் அவன் கடவுச்சீட்டுப் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். கேப்ரியல் புத்திசாலி, கூர்மையான பேச்சுக்காரன். அப்படிப்பட்டவன் இதைச் செய்வான் என்று நம்ப முடியாததுதான் அதன் பெரிய குறை.

கேள்வி: செல்டா கேம்களின் லிங்க் வாயே திறப்பதில்லை. வெறும் பொம்மைதானே?

பதில்: பிரெத் ஆஃப் தி வைல்டில் ஹைரூல் கோட்டைக்குள் இளவரசி செல்டாவின் அறை இருக்கிறது. அங்கே அவள் நாட்குறிப்பைப் படியுங்கள். எல்லோர் பார்வையும் தன் மேல் இருப்பதால், சுமையை வெளிக்காட்டாமல் தாங்க வேண்டும் என்று அவன் மௌனமாக இருக்கிறான் என்று அதில் எழுதியிருக்கிறாள். அதைப் படித்தபின் அந்த மௌனம் வேறாகத் தெரியும். பலர் அந்த அறைக்குப் போகாமலேயே ஆட்டத்தை முடித்துவிடுகிறார்கள்.

மாஸ்டர் வாளை உருவ முடியவில்லை என்று இன்னொரு வாசகரும் கேட்டிருந்தார். 13 இதயங்கள் (உயிரளவு) தேவை. உணவால் கிடைக்கும் மஞ்சள் இதயங்கள் கணக்கில் வராது. தொடக்கத்தில் இருப்பவை 3. ஒரு ஷ்ரைனை (சிறு சோதனைக் கோயிலை) முடித்தால் ஓர் உருண்டை, 4 உருண்டைக்கு ஓர் இதயம். தெய்வ மிருகங்கள் என்ற ராட்சத எந்திரங்கள் நான்கையும் விடுவித்தால் 4 இதயம் கிடைக்கும், மீதி 6-க்கு 24 ஷ்ரைன்கள் போதும். அவற்றைத் தொடாமல் போனால் 40 ஷ்ரைன்கள். ஏற்கெனவே உருண்டைகளை ஸ்டாமினாவில் (ஏறவும் ஓடவும் உதவும் தெம்பில்) செலவழித்துவிட்டீர்கள் என்றால் ஹடேனோ கிராமத்துக் கொம்புச் சிலையிடம் போங்கள். ஒரு பங்கு ஸ்டாமினாவை 100 ரூபிக்கு (ஆட்டத்து நாணயம்) வாங்கிக்கொள்ளும், 120 ரூபிக்கு அதை இதயமாகத் தரும். மாற்றம் ஒன்றுக்கு நட்டம் 20. வாளை எடுத்ததும் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். 120 ஷ்ரைன்களை முடித்தாலும் இதயம், ஸ்டாமினா இரண்டையும் முழுதாக நிரப்ப முடியாது, 3 பங்கு குறையும். எங்கள் தேர்வு ஸ்டாமினா. உணவு இதயத்தை நிரப்பிவிடும், ஆனால் பாறையில் பாதி வழியில் கை நழுவினால் சிரமம்.

கேள்வி: கிரிம் ஃபேண்டாங்கோவில் எந்தப் பொருளைத் தொடலாம் என்றே தெரியவில்லை.

பதில்: மேனி கலவேராவின் தலையைப் பாருங்கள். 1998-இல் வந்த மூல ஆட்டத்தில் சுட்டிக்குறியே கிடையாது. பயனுள்ள பொருளைக் கடக்கும்போது மேனி தலையைத் திருப்பி அதைப் பார்ப்பான். அங்கேயே நின்று பட்டனை அழுத்துங்கள். சுவரில் மோதித் தொல்லை தந்தால், 2015 ரீமாஸ்டரில் திரை நோக்கில் நகர்த்தும் கன்ட்ரோலுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: சாகச கேம் ஆடியே பழக்கமில்லாதவருக்கு எந்த நாயகனை அறிமுகப்படுத்தலாம்?

பதில்: இகோவை. 2001-இல் ஃபுமிட்டோ உஏடா உருவாக்கியது. கொம்பு முளைத்த சிறுவன், கையில் ஒரு குச்சி, உடன் யோர்டா என்ற பெண். அவனுக்கு உயிர்க்கோடு கிடையாது. நிழலுருவங்கள் அடித்தால் விழுந்து எழுவான். ஆனால் யோர்டாவைத் தரையில் உள்ள கருங்குழிக்குள் முழுதாக இழுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் ஆர் 1 பட்டனைப் பிடித்தால் அவள் கையைப் பிடிப்பான், தூரத்தில் இருந்தால் கூப்பிடுவான். குழியருகே ஓடிப்போய் அதே பட்டனைப் பிடித்தால் மேலே இழுத்துவிடலாம். புதியவர்கள் செய்யும் தவறு, அவளை விட்டுவிட்டு வெகுதூரம் வழி தேடப் போவது. அப்போது நிழல்கள் வந்துவிடும். சண்டை நீண்டால் எல்லாவற்றையும் அடித்து முடிக்க வேண்டியதில்லை. அருகே சிலைக்கதவு இருந்தால் கைப்பிடித்து அங்கே ஓடுங்கள். அவள் அதைத் திறக்கும்போது சுற்றியுள்ள நிழல்கள் அழிந்துபோகும். சேவ் செய்யக் கல் இருக்கையில் உட்கார வேண்டும், அதுவும் இருவரும் சேர்ந்துதான். அவள் இன்னும் வந்து சேரவில்லை என்றால் எழுந்து கூப்பிடுங்கள்.