காஜா எடுத்துக்கொண்டே பார்த்த படங்கள்

அன்புள்ள ஐயா,

நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். இரண்டு மிஷின், ஒரு வெட்டும் மேசை, சுவரில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. உங்கள் கட்டுரைகளை மகள் கைபேசியில் எடுத்துத் தருவாள். சினிமா பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்கும் நாலு வார்த்தை சொல்லத் தோன்றும். இன்று சொல்லிவிடுகிறேன்.

துணி வெட்டும்போதும் ரவிக்கைக்குக் கை ஏற்றும்போதும் பெட்டியை அணைத்துவிடுவேன். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும்போதும் ஊக்கு கட்டும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நான் பார்த்தவை எல்லாம் இப்படிப் பார்த்தவைதான்.

ஊரடங்கு நாட்களில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். ஒரு நாள் விடாமல் பார்த்தேன். ‘கோலங்கள்’ வந்தபோது பிரசவம், குழந்தை என்று நடுவில் இரண்டு வருடம் பார்க்கவில்லை. திரும்ப வந்து உட்கார்ந்த அன்றே எல்லாம் புரிந்துவிட்டது. ‘மெய்யழகன்’ எனக்கு மிகவும் பிடித்தது. என் மகன் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். ‘சுழல்’ இணையத் தொடர் இரண்டு பகுதி பார்த்தேன், யார் யாரென்றே பிடிபடவில்லை, விட்டுவிட்டேன். பாலு மகேந்திராவின் ‘வீடு’ பார்த்து அழுதேன். ஆனால் கடைசியில் வீட்டை முடிக்காமல் விட்டது அநியாயம். ‘கூழாங்கல்’ பெரிய விருது வாங்கிய படம் என்றார்கள். ஓர் அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை. பிக் பாஸ் பற்றி நீங்கள் ஏன் எழுதுவதே இல்லை?

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறான். “அரைக்கண்ணால் பார்ப்பவர்கள் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது சித்தி” என்கிறான். அவன் சொல்வது சரியா?

ம.

*

அன்புள்ள ம. அவர்களுக்கு,

முதலில் பிக் பாஸை முடித்துவிடுகிறேன். நான் அதைப் பார்ப்பதில்லை. எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டில் ஓடுகிறது. சுவர் மெல்லியது. பார்க்க வேண்டிய தேவை எழவில்லை.

இனி உங்கள் அக்கா மகனுக்கு வருவோம். அரைக்கண்ணால் பார்ப்பவர் கருத்துச் சொல்லக்கூடாது என்றால் முதலில் வாயை மூடிக்கொள்ள வேண்டியவன் நான். ஒரு காலத்தில் வேலை நிமித்தம் வாரம் இரண்டு முறை இரவுப் பேருந்தில் போய் வந்தேன். வீடியோ கோச். வண்டி ஊரைத் தாண்டியதும் படம் போடுவார்கள். பதினொன்றரை மணிக்கு யாராவது ஒருவர் தூங்க வேண்டும் என்று சத்தம் போடுவார், கிளீனர் எழுந்து வந்து பெட்டியை அணைத்துவிடுவார். அப்படி எனக்கு முடிவு தெரியாத படங்கள் முப்பதாவது இருக்கும். அத்தனையைப் பற்றியும் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு. சிலவற்றை அச்சிலும் ஏற்றியிருக்கிறேன். முடிவு வரை பார்க்கவில்லை என்று எங்கும் எழுதியதில்லை. நீங்களோ காஜா எடுத்துக்கொண்டே பார்த்தேன் என்று முதலிலேயே எழுதிவிட்டீர்கள். ஒரே நாளில் மூன்றாவது படமாக, பசியோடு பார்த்தேன் என்று எந்த விமர்சகராவது எழுதிப் படித்திருக்கிறீர்களா?

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தாறுமாறாகத் தெரிந்தது. மெகா தொடர் பிடிக்கும், ‘மெய்யழகன்’ பிடிக்கும், ‘கூழாங்கல்’ பிடிக்காது, ‘சுழல்’ புரியாது. இது என்ன ரசனை என்று நினைத்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது. இதில் பெரும்பாலானவற்றை நீங்கள் காதால் பார்த்திருக்கிறீர்கள். கண் ஊசியில் இருந்திருக்கிறது.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. தமிழர்கள் சினிமாவைக் காதால் பார்த்துப் பழகியவர்கள். 1952இல் வந்த ‘பராசக்தி’யின் வசனம் புத்தகமாக விற்றது. படத்தைப் பார்க்காதவர்களும் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகச் சொன்னார்கள். ‘திருவிளையாட’லில் தருமிக்கும் நக்கீரருக்கும் நடக்கும் வழக்கைத் திருவிழா ஒலிபெருக்கியில் கேட்டே வளர்ந்த தலைமுறை என்னுடையது. திரையில் அதைப் பார்த்தபோது, நான் கற்பனை செய்திருந்த மண்டபம் இன்னும் பெரியது என்று ஏமாற்றமாக இருந்தது. 1984இல் ‘விதி’ வந்தபோது அதன் வசன ஒலிநாடா தேநீர்க் கடைகளில் பாட்டைப்போல ஓடியது. வக்கீலாக வரும் நடிகை சுஜாதா குறுக்கு விசாரணை செய்வார், பெஞ்சில் இருப்பவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் என்றே ஒரு நிகழ்ச்சி இருந்தது. முழுப் படத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி, படமில்லாமல் போடுவார்கள். என் அத்தை எம்.ஜி.ஆர். படங்களில் பாதியை அப்படித்தான் ‘பார்த்தார்’. பார்த்தேன் என்றுதான் சொல்வார், கேட்டேன் என்று சொல்லமாட்டார். இந்த வரலாறு உங்கள் அக்கா மகனின் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மெகா தொடர் இந்த ஒலிச்சித்திரத்தின் பேத்தி. சமையலறையில் தாளித்துக்கொண்டிருப்பவர், தையல் மிஷினில் குனிந்திருப்பவர், வாசலில் காய்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பவர் என்று இவர்களுக்காகத்தான் அது எழுதப்படுகிறது. கவனித்துப் பாருங்கள், மன்னிக்கவும், கேளுங்கள். பாத்திரங்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒருவரையொருவர் பெயரோ உறவோ சொல்லி அழைப்பார்கள். சொந்தத் தம்பியிடம் யாராவது “உன் அண்ணன் நான் சொல்கிறேன்” என்று வீட்டில் பேசுவார்களா? தொடரில் பேசுவார்கள், ஏனென்றால் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்டவர் உள்ளே வரும்போது அவருக்கென்று ஓர் இசை வரும். நேற்று நடந்ததை இன்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார், இன்னொருவர் அதை மூன்றாமவரிடம் சொல்வார். ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. அதில் இரண்டு வருடத்தை விட்டும் உங்களுக்குப் புரிந்தது என்றால், புரியும்படி அவர்கள் உழைத்திருக்கிறார்கள். கேலி செய்கிறவர்கள் இந்த உழைப்பைச் சொல்வதில்லை. அதே சமயம், இரண்டு வருடக் கதையை எடுத்துவிட்டாலும் குறையாத கதை எப்படிப்பட்ட கதை என்று நீங்களும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். உங்கள் தொழிலில் அப்படி நடந்தால், முதுகுத் துண்டை வைக்காமல் தைத்த ரவிக்கை உடம்பில் நின்ற மாதிரி.

‘மெட்டி ஒலி’யை இதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். ஒரு தகப்பன், தாயில்லாத ஐந்து பெண்கள், ஒவ்வொருத்தியையும் கட்டிக்கொடுப்பது. நம் ஊரில் இந்தக் கதைக்கு ஐந்து வருடம் எடுத்துக்கொண்டாலும் மிகை என்று சொல்ல முடியாது. நிஜத்தில் அதற்கு மேலும் ஆகிறது. அந்தத் தகப்பன் சம்பந்தி வீட்டு வாசலில் எந்த இடத்தில் உட்காருவது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா, கேட்டிருக்கிறீர்களா? அதைக் கேட்க முடியாது. டெல்லி குமாரின் முகத்தில்தான் அது இருந்தது.

‘மெய்யழகன்’ உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதும் இப்போது விளங்குகிறது. அது இரவெல்லாம் பேசும் படம். நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்கு வந்தவருக்குத் தன்னை “அத்தான், அத்தான்” என்று தாங்குகிறவரின் பெயர் நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் கூச்சம். பெயர்தான் கதை, பெயரோ காதுக்கு உரியது. 2024இல் படம் வந்தபோது திரையரங்கில் நீளமென்று முனகினார்கள், சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். திரையரங்கில் இருந்தவர்களுக்குக் கையில் வேலை இல்லை, அதனால் பொறுமையும் இல்லை. உங்கள் கையில் ஊசி இருந்தது. உங்கள் மகனைத் திட்டாதீர்கள். அவன் கையில் கைபேசி இருந்திருக்கும்.

‘சுழ’லைப் பற்றி நீங்கள் சொன்னதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். மயானக்கொள்ளைத் திருவிழாவை வைத்துக் கதையைக் கட்டியது நல்ல யோசனை. ஆனால் எட்டுப் பகுதிக்கு இழுக்க வேண்டுமா என்று எனக்கும் தோன்றியது. மற்றப் பாதி உங்கள் தவறு. துப்பறியும் கதையில் ஒரு பார்வை, மேசைமேல் கிடக்கும் ஒரு பொருள், இவைதான் துப்பு. ஊக்கு கட்டிக்கொண்டு துப்பறிய முடியாது.

‘வீடு’ பற்றி உங்களோடு எனக்குச் சண்டை உண்டு. 1988இல் வந்த படம், பாட்டு இல்லை. அர்ச்சனாவின் சுதா ஒரு சிறிய வீடு கட்ட அலைகிறாள். ஒப்பந்தக்காரர் சிமெண்டைத் திருடி விற்பதை மங்கம்மா என்கிற சித்தாள் அவளிடம் சொல்கிறாள். சொக்கலிங்க பாகவதரின் தாத்தா, பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்க்கிறார். கடைசியில் அந்த மனையே குடிநீர் வாரியத்துக்கு உரியது என்று தெரிகிறது. வீட்டை முடிக்காமல் விட்டது அநியாயம் என்கிறீர்கள். ஆமாம், அநியாயம்தான். அதைச் செய்தது படமெடுத்தவர் அல்லவே. பால் காய்ச்சி முடித்திருந்தால் நீங்கள் நிம்மதியாக மிஷினுக்குத் திரும்பியிருப்பீர்கள், இத்தனை நாள் கழித்து எனக்குக் கோபமாக எழுதியிருக்கமாட்டீர்கள். உங்கள் கோபம் சுதாவின் கோபம். அது உங்கள் கடை வரை வந்துவிட்டது என்றால் அந்த முடிவு சரியான முடிவு.

கடைசியாக ‘கூழாங்கல்’. 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. விருதுக்காக உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது, மொத்தமே 75 நிமிடம். குடிகார அப்பன், கோபித்துக்கொண்டு போன மனைவியை அழைத்துவரப் பள்ளியிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும் வழி முழுக்க மதுரைப் பக்கத்துக் கொதிக்கும் பொட்டலில் நடை. பேச்சு மிகக் குறைவு. அப்பன் கத்துவான், பிறகு செருப்பில்லாத காலின் சத்தம், காற்று. இதைக் காஜா எடுத்துக்கொண்டு கேட்டால் ஒன்றுமே நடக்காதுதான்.

ஆனால் நடக்கிறது. அந்தப் பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் அடக்கிக்கொள்கிறான். அதற்கு வசனம் இல்லை. வீடு வந்து சேர்ந்ததும் அந்தக் கல்லைக் கொண்டுபோய் ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கற்கள் கிடக்கின்றன. எத்தனை முறை அவன் அந்த வெயிலில் இப்படி நடத்திச் செல்லப்பட்டிருக்கிறான் என்பதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, இசை எழும்பி உங்களைக் கூப்பிடுவதும் இல்லை. நீங்கள் அப்போது காஜாவுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தால் படம் முழுவதும் போய்விட்டது. மெகா தொடராக இருந்தால் பாட்டி ஒருத்தி வந்து, “இதோடு எத்தனையாவது தடவை இந்தப் பிள்ளையை இப்படி இழுத்தடிக்கிறான்” என்று சொல்லியிருப்பாள், உங்களுக்கும் கேட்டிருக்கும்.

ஆகவே உங்கள் அக்கா மகனிடம் சொல்லுங்கள்: சித்தி கருத்துச் சொல்லலாம், ‘மெட்டி ஒலி’ பற்றி அவனைவிட நன்றாகவே சொல்லலாம். ‘கூழாங்கல்’ பற்றிச் சொல்ல மட்டும் அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

பொங்கல் உருப்படிகள் முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் ஒரு மதியத்தில் பாருங்கள். கை ஏற்றும்போது பெட்டியை அணைப்பீர்கள் அல்லவா, அதேபோல அந்த 75 நிமிடம் மிஷினை மூடிவையுங்கள். அந்தக் கற்கள் எத்தனை என்று நான் நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. காஜாவுக்குப் புள்ளி வைத்துப் பழகிய கண் உங்களுடையது. எண்ணிக்கை கிடைத்தால் எழுதுங்கள்.